பழவேற்காட்டில் இன்று என்ன மீன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தியதும் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். நண்டு இருக்கிறதா? இறால் பெரிதாக இருக்கிறதா? டச்சுக் கல்லறை, பூநாரை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வெயில் ஏறிவிட்டால் அதுவும் கிடையாது.

வயிற்றுக்காக ஊர் தேடிப் போவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆம்பூருக்கும் திருநெல்வேலிக்கும் ரயிலில் போகிறவர்கள் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே பொட்டலத்தைப் பார்த்துவிடுகிறார்கள். அண்மைக் காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு கௌரவமும் கூடியிருக்கிறது. அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர் லூசி லாங் 1998இல் 'உணவுச் சுற்றுலா' என்ற கருத்தை ஆய்வுப் பொருளாக்கினார். பிறருடைய உணவை உண்பது பிறருடைய வாழ்க்கையை அறியும் ஒரு வழி என்பது அவர் வாதத்தின் சாரம். யுனெஸ்கோ உணவுக்கலை நகரங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஹைதராபாத் 2019இலும் லக்னோ 2025இலும் இடம்பிடித்தன. தமிழ்நாட்டில் பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன.

இந்தப் பட்டியல்களில் ஒன்றைக் கவனிக்கலாம். குறியீடு பெற்றவை எல்லாம் டப்பாவில் அடைத்து எடுத்துப் போகக்கூடியவை. ஊருக்கு வராமலேயே ஊரின் பெயரைச் சாப்பிடலாம். அப்படியானால், உணவு வழியே ஓர் ஊரை அறிவது என்று சொல்லப்படுவது எந்த அளவுக்கு உண்மை? இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கப் பழவேற்காடு ஏரியும் அதன் கரையில் உள்ள கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களும் நல்ல இடம். இங்கே அடைத்து விற்கப் பேர்போன பண்டம் என்று ஒன்றுமில்லை. ஆனால் ஊரின் சரித்திரம், சட்டம், சண்டை, பஞ்சம் எல்லாமே மீன் வழியாகத்தான் நடந்திருக்கின்றன.

கோட்டையிலிருந்து தொடங்குவோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில், ஆரணியாறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு இடம்பெயரும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். ஐரோப்பாவிலிருந்து அவர்களைக் கிளப்பிக்கொண்டு வந்தது சாப்பாட்டு விஷயம். ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு மூன்றும் அன்று இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மலுக்குத் தீவுகளில்தான் விளைந்தன. அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளியைவிட விரும்பியது சோழமண்டலத் துணியை. எனவே துணி வாங்க ஒரு கோட்டை, துணியைக் கொடுத்து மசாலா வாங்க இன்னொரு கோட்டை என்று கம்பெனி கணக்குப் போட்டது. பழவேற்காட்டில் வெடிமருந்தும் தயாரித்தார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். இன்று பிரியாணியில் போடும் ஒரு துண்டு ஜாதிபத்திரிக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது என்று எந்த உணவுப் பயணக் காணொளியும் சொல்வதில்லை.

1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றன. கொழும்பில் வாழையிலையில் கட்டிச் சுடும் லம்ப்ரைஸ் இன்றும் டச்சு வழிவந்த பறங்கியர் வீட்டு உணவாகப் பேர் பெற்றிருக்கிறது. பழவேற்காட்டில் அப்படிப் பேர் சொல்லும் டச்சுச் சமையல் எதுவும் தங்கவில்லை. ஊரில் நிலைத்தவை வேறு. போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா கோயில், தமிழ் பேசும் இஸ்லாமியர்களின் தெருக்களும் பள்ளிவாசல்களும், அந்த வீட்டுப் பெண்களின் பனையோலைப் பின்னல், கோட்டையின் பெயரைத் தாங்கி அதை ஒட்டியிருக்கும், பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் குப்பம். வந்தவர்கள் போனார்கள், ஏரியை நம்பியவர்கள் இருந்தார்கள்.

அந்த ஏரியைப் புரிந்துகொள்ளாமல் இங்குள்ள தட்டைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில், ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிக்கோட்டா நீளமான மணல் தீவாகப் படுத்திருக்கிறது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். பல இடங்களில் இறங்கி நடக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் அகல, கடல்நீர் உள்ளே வருகிறது. கோடையில் நீர் வற்றி, உப்பு கடலைவிடவும் ஏறிவிடுவது உண்டு. ஒரே ஏரியில் ஒரே இடத்தில் ஜனவரியில் இருக்கும் தண்ணீர் வேறு, மே மாதத்துத் தண்ணீர் வேறு.

மீன்களும் அதற்கேற்ப மாறுகின்றன. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து சேற்றிலும் புல்லிலும் வளர்கின்றன. வளர்ந்தபின் நீர் வடியும்போது அதோடு சேர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பும் பயணத்தில்தான் வலை காத்திருக்கிறது. மடவை, கொடுவா, கிழங்கான், பால்மீன், ஊடான், கெளுத்தி என்று ஒவ்வொன்றுக்கும் உப்பும் பருவமும் சார்ந்த ஒரு கணக்கு உண்டு. பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குவதும் இந்தச் சேற்றில் கிடைக்கும் பாசிக்காகவும் சின்னஞ்சிறு உயிரிகளுக்காகவும்தான். அவற்றின் இறகில் ஏறும் இளஞ்சிவப்பு அந்தத் தீனியிலிருந்து வருவது. பறவை பார்க்க வருகிறவர் பார்ப்பதும் ஒரு வகையில் ஏரியின் சாப்பாட்டைத்தான்.

வந்தவர் கேட்கிற 'பெரிய இறால்' எல்லா நாளும் எல்லாருக்கும் கிடைப்பதல்ல என்பதற்கு இயற்கை ஒரு காரணம் என்றால், ஊர்ச் சட்டம் இன்னொரு காரணம். அதன் பெயர் பாடு.

ஏரியில், குறிப்பாக முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில், இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. அந்த இடங்களில் கழி நட்டு வலை கட்டும் உரிமை கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் ஊர்களுக்கு மரபாக வந்தது. ஊர்க் கணக்கில் பெயருள்ள ஆண்கள் குழுக்களாகப் பிரிவார்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முடிவாகும். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போக வேண்டும். அதிர்ஷ்டமும் நஷ்டமும் சுற்றிச் சுற்றி எல்லார் வீட்டுக்கும் போய்வரும். ஒரே இடத்தில் எல்லாரும் குவிந்து வலையடித்து ஏரியைத் துடைத்துவிடாமல் இது தடுத்தது. அடிதடியையும் குறைத்தது. காவல் நிலையமும் மீன்வளத் துறையும் வருவதற்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்து நடத்திவந்த ஏற்பாடு இது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போலக் கழி வலைகளுக்குச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் வழக்கம் உண்டு. பொதுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று ஆராய்கிறவர்கள் இந்த இரண்டையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகிறார்கள்.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் சிலர் செய்வது போல இதைப் பொற்கால ஏற்பாடாகத் தூக்கி வைப்பதும் சரியல்ல. பாடு யாரைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைப் போலவே யாரை வெளியே நிறுத்துகிறது என்பதும் முக்கியம். ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் தலித் மக்களுக்கும் பிற சாதியினருக்கும் அந்த நல்ல இடங்களில் மரபுப் பங்கு இல்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏற ஏற இந்த விலக்கம் உறுத்தத் தொடங்கியது. கடந்த சில பத்தாண்டுகளில் பங்கு கேட்டுத் தகராறுகள் எழுந்தன. பெண்களுக்குப் பாடு முறையில் சீட்டே கிடையாது. ஒரு தட்டு இறால் வறுவலின் விலையில் இத்தனை பேருடைய உரிமையும் உரிமை மறுப்பும் சேர்ந்திருக்கிறது.

சீட்டு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இருளர் குடும்பங்கள் ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கின்றன. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டோ கழுத்தில் மாட்டிக்கொண்டோ, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நகரும் பெண்களைப் பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் காணலாம். வலை இல்லை, படகு இல்லை, முதல் இல்லை. விரல் நுனியில் இருக்கும் அறிவுதான் கருவி. கெளுத்தி முள் குத்தும், சிப்பி கிழிக்கும். குப்பத்துப் பெண்களுக்கோ வேலை கரையில். ஏலத்தில் எடுப்பது, தரம் பிரிப்பது, விற்காததை உப்பிட்டுக் கருவாடாக்குவது, கூடையோடு பஸ் ஏறுவது. மீன் கூடை என்றால் ஏற்ற மறுக்கும் பஸ்களைப் பற்றிய கசப்பு தமிழ்நாட்டுக் கரையோரம் முழுக்க இருக்கிறது. மீன் சந்தையில் ஐந்து நிமிடம் நின்று ஒரு மீன்காரம்மாவிடம் "இன்னிக்கு என்ன நல்லாயிருக்கு?" என்று கேட்கிறவருக்குக் கிடைக்கும் பாடம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடையாது. அவர் செவுளைத் தூக்கிக் காட்டுவார். எது ஏரி மீன், எது கடல் மீன், எது நேற்றையது என்று சொல்வார். பேரத்தில் விடமாட்டார், அது வேறு விஷயம்.

இப்போது அடுப்படிக்கு வரலாம். சாலையோரக் கடைகளில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வறுவல். மிளகாய்த்தூளும் எண்ணெயும் சிவப்புமாக, எந்தக் கடற்கரையில் சாப்பிட்டாலும் இருக்கும் அதே சுவை. மசாலாவுக்கு அடியில் மீன் ஏரியதா கடலதா என்பதே தெரிவதில்லை. இறாலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2009இல் இந்தியாவில் வன்னாமெய் என்னும் பசிபிக் கரை இறாலை வளர்க்க அனுமதி வந்தது. அன்றிலிருந்து பண்ணை இறால் கரையோரச் சந்தையெங்கும் நிறைந்திருக்கிறது. ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதால் மட்டும் அது ஏரி இறாலாகிவிடாது. கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுச் சமையல் வேறு. அங்கே மையம் குழம்புதான். காலையில் வந்த பொடிமீனைப் புளியும் மிளகாயும் சேர்த்து மண்சட்டியில் வைத்து, மறுநாளும் வைத்துக்கொண்டு சாப்பிடுவது கரையோர வழக்கம். முள் அதிகமுள்ள மீனுக்குக் குழம்பு, சதைப்பற்றான கிழங்கானுக்கு வறுவல், சளி பிடித்தால் நண்டு ரசம், பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு. சென்னாக்குன்னி என்னும் மிகச் சிறிய இறாலைக் காயவைத்து வறுத்துத் துவையலும் தொக்கும் செய்வார்கள். மீன்வரத்து இல்லாத நாளில் கருவாட்டுக் குழம்பு. மீனை ருசிக்காக மட்டும் அல்ல, காலத்துக்காகவும் உடம்புக்காகவும் தேர்ந்தெடுக்கும் அறிவு இது. ஏரியின் மறுகரைக்குப் போனால் மொழியும் மாறுகிறது, குழம்பும் மாறுகிறது. சூலூர்பேட்டை தாண்டி நெல்லூர்ப் பக்கம் மாங்காய் போட்ட சேப்பல புலுசு என்னும் மீன் குழம்பு தனிப் பேர் பெற்றது. ஒரே தண்ணீரில் வளர்ந்த மீன். மாநில எல்லை ஏரிக்குள் எங்கே ஓடுகிறது என்பது மீனுக்குத் தெரியாவிட்டாலும் சட்டிக்குத் தெரிகிறது.

இந்த வீட்டுச் சட்டிக்கும் வந்தவர் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உணவுப் பயணத்தைப் பற்றிய பேச்சுகள் தொடாமல் விடுவது. ஏரியின் விலையுயர்ந்த மீன்வளம் ஊரில் தங்குவதில்லை. சேற்று நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கைக் கயிற்றால் கட்டி, உயிரோடு கூடையில் வைத்து, சென்னை வழியாகச் சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள். புதிதாக ஓடு மாற்றி உள்ளே சதை பிடிக்காத நண்டுக்கு விலை குறைவு. அதைச் சில வாரம் குளத்தில் விட்டுத் தீனி போட்டுத் தேற்றி அனுப்புவதும் ஒரு தொழில். பெரிய இறாலும் ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஐஸ் பெட்டிக்குப் போகிறது. பிடித்தவர் வீட்டில் வேகுவது பெரும்பாலும் பொடிமீன். ஆகவே "இந்த ஊர்ச் சாப்பாடு" என்று வந்தவர் கேட்டு வாங்கும் நண்டும் பெரிய இறாலும் இந்த ஊர்க்காரர் அன்றாடம் சாப்பிடுவதல்ல; அது இந்த ஊர்க்காரர் விற்பது. ஊரை அறிய வேண்டும் என்று உண்மையில் விரும்புகிறவர் பொடிமீன் குழம்பைத்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் கொஞ்சம் வியப்போடு பார்ப்பார், அவ்வளவுதான்.

வேறு ஊர்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்ப்பதில் பயனுண்டு. பழவேற்காட்டில் சாதாரண மீனாகக் கூடையில் கிடக்கும் ஒன்றுக்குக் கேரளத்தில் கரிமீன் என்று பெயர். 2010இல் அந்த அரசு அதை மாநில மீனாக அறிவித்தது. குமரகத்தில் விடுதிகள் சுற்றுவட்டாரக் குடும்பங்களிடமிருந்தே காய்கறியும் மீனும் வாங்க வேண்டும் என்ற திட்டம் அதற்கு முன்பே தொடங்கி நல்ல பெயர் எடுத்தது. வாழையிலையில் பொரித்த கரிமீனைத் தேடி உலகமே அங்கே போகிறது. அதே மீன் இங்கே பேரில்லாமல் விலைபோகிறது. மீன் செய்த குற்றம் எதுவும் இல்லை.

குமரகத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. ஒரு மீனுக்குப் புகழ் வந்தால் எல்லாரும் அதையே கேட்பார்கள், அது குறையும், பின் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து அதே பெயரில் பரிமாறுவார்கள். சென்னையில் கடல் ஆய்வாளர் திவ்யா கர்னாட் முதலானோர் தொடங்கிய 'இன்சீசன் ஃபிஷ்' முயற்சி இதற்கு எதிர்வழியைப் பிடித்தது. எந்த மாதத்தில் எந்த மீன் சாப்பிடலாம், எது முட்டையிடும் காலம், எதைத் தவிர்க்கலாம் என்று சாப்பிடுகிறவருக்கும் உணவகத்துக்கும் சொல்லிக்கொடுப்பது. குப்பத்து அடுப்படி எப்போதோ கடைப்பிடித்த ஒழுங்கை நகரத்துக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொன்னதாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம். பழவேற்காட்டுக்குப் பொருந்துவது இந்த வழி.

ஆனால் சமைக்க மீன் வேண்டும். மீனுக்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் மூடி முகத்துவாரம் அடைபடுவதுதான் இந்த ஊர்களின் பெரிய கவலை. அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகும் கடலுக்குப் போகாது. சிலிகாவில் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டியபின் மீன்வரத்து பல மடங்கு ஏறியது என்பது இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சான்று. பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியபின் முகத்துவாரத்தில் நேர்கல் சுவர் அமைக்கத் தமிழக அரசு சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. தெற்கே எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வரிசையாக வந்துவிட்டன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைக் குப்பங்கள் எதிர்ப்பதற்குக் கடலரிப்பும் முகத்துவாரமும்தான் முதன்மையான காரணங்கள். ஏரிக்கு முன்பே ஒரு சட்டக் காவலும் கிடைத்திருந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணை வழக்கில் தீர்ப்பளித்தபோது, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே உத்தரவிட்டது.

சுற்றுலாவைப் பெருக்கினால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சும் இங்கே எச்சரிக்கையோடுதான் எடுபடுகிறது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. ஆழமில்லாத ஏரிதானே என்று எண்ணுகிறவருக்கு முகத்துவாரத்தின் இழுப்பு தெரியாது; மீன்பிடிக்கிறவருக்குத் தெரியும். பிளாஸ்டிக் தட்டும் மதுப்புட்டியும் கரையில் சேர்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செய்யக்கூடியது சின்ன வேலைதான், அதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கி, காலையிலேயே பஸ் பிடித்து, ஏலம் முடிவதற்குள் போய்ச் சேர்கிறவர் ஊரை விழித்திருக்கும்போது பார்க்கிறார். கல்லறையையும் அந்த இளவெயிலிலேயே பார்த்துவிடலாம். சந்தையில் வாங்கியதைச் சமைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைக் குப்பத்துப் பெண்கள் குழுவாக நடத்த மீன்வளத் துறையோ சுற்றுலாத் துறையோ ஒரு கூரையும் நல்ல தண்ணீரும் போட்டுக் கொடுத்தால், ஏலத்தில் மிஞ்சும் பொடிமீனுக்கும் ஒரு விலை வரும். ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கலாம்: இந்த மாதம் ஏரியில் படும் மீன் எது, கடலில் படும் மீன் எது, எதைக் குழம்பு வைக்கலாம், எதை இப்போது வேண்டாம் என்று விடலாம். எழுதித் தர ஆள் தேட வேண்டியதில்லை. கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அத்தனையும் மனப்பாடம்.